பெப்ரவரி ஒன்பதாம் தாள்

நான் முன்பு வேலை செய்த அச்சகத்தில் இப்போது வேலை செய்யும் இருவர் சென்ற மாதம் என் அறைக்கு வந்தார்கள். அறையில் கதிரை ஒன்றுதான் இருப்பதால் ஒருவர் உட்கார்ந்தார், மற்றவர் நின்றார். தினசரிக் கலண்டரின் அடியில் 'இதே நாளில்' என்று ஒரு வரி வருகிறதல்லவா, அதற்கான பட்டியல் இனிமேல் கொழும்பிலிருந்து தட்டச்சில் வந்துவிடுமாம். அதைப் பார்த்து அச்செழுத்துக் கோத்தால் போதுமாம். இத்தனை வருஷம் அந்த வரிகள் எங்கிருந்து வந்தன, யார் தேடினார்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. ஞாபகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவன். பிறந்த தேதி தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் இருந்தேன். அம்மா இறந்த பிறகு தோட்டத்தில் இருக்க எனக்குக் காரணம் இல்லாமற் போய்விட்டது. மாத்தளையில் கொக்கோ உலர்த்தினேன். கடுகண்ணாவையில் ரயில் பாதைக்குச் சல்லிக்கல் சுமந்தேன். ஒரு மாட்டு வண்டிக்காரனோடு எட்டு மாதம் திரிந்தேன். காய்ச்சலோடு கண்டிக்கு வந்து, திரிகோணமலை வீதியில் ஓர் அச்சகத்தின் வாசலில் மழைக்கு ஒதுங்கியபோது, இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்ற ஆள் இல்லை என்று உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு எழுத்துக் கோக்கப் பழகினேன். இரண்டு தடவை சொல்லாமல் ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்கிறேன். இரண்டு தடவையும் எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

அச்சகத்து முதலாளி கண்டியிலேயே பரம்பரையாக வியாபாரம் செய்த முஸ்லிம் மனிதர். அவரை எல்லோரும் ஹாஜியார் என்போம். அவர் நல்லவர், ஆனால் அவருக்குக் கலண்டரில் வியாபாரம் மட்டும்தான் தெரியும். கலண்டரின் மூளை வைத்திலிங்கம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தவர். அச்சுப் பிழை பார்ப்பவர் என்று பெயர், உண்மையில் அந்த வரிகள் எல்லாம் அவருடையவை.

மாஸ்டர் காலையில் வந்ததும் குடையை மூலையில் நிறுத்தி, கோட்டைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அலுமாரியைத் திறப்பார். அது ஒரு பழைய நாட்டு மருந்துக்கடையின் அலுமாரி. முந்நூற்று அறுபத்தாறு சிறிய அறைகள் அதற்கு இருக்கும்படி தச்சனைக் கொண்டு மேலும் தட்டுகள் போடுவித்திருந்தார். ஓர் அறைக்கு ஒரு நாள். அறைக்குள் வெள்ளைக் கடதாசித் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் வருஷம், சம்பவம், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். அந்தத் துண்டை எந்த வருஷத்துக் கலண்டருக்கு எடுத்தோமோ, அந்த வருஷத்தைப் பின்புறத்தில் சிவப்பு மையால் எழுத வேண்டும். ஒரு தடவை எடுத்ததை ஐந்து வருஷத்துக்குத் திரும்ப எடுக்கக்கூடாது.

மார்ச் இரண்டாம் தேதி அறையைத் திறந்தால், அமெரிக்காவில் வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தான நாள் என்று ஒரு துண்டு, 1807. அதன் கீழே, கண்டி இராச்சியம் ஆங்கிலேயருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த நாள், 1815. ஜூன் இருபத்து நான்கில், கண்டிக்குள் இருந்த ஆங்கிலப் படை சரணடைந்தது, 1803. அதே அறையில் பிரெஞ்சுப் படை ஆற்றைக் கடந்து ருஷ்யாவுக்குள் இறங்கியது, 1812. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவர்கள் ஒரே அறையில் படுத்திருப்பார்கள். சத்திரத்தில் படுத்துப் பழகிய எனக்கு அது விநோதமாகத் தெரியவில்லை. பிடித்திருந்தது.

துண்டு எழுதப் பழகிய முதல் நாளில் மாஸ்டர் மூன்று கேள்விகள் கேட்டார்.

"ஆர் சொன்னது? எந்தப் புத்தகம்? எத்தினையாம் பக்கம்?"

பக்கம் தெரியாது என்றேன். துண்டின் மூலையை மடித்துத் திருப்பித் தந்தார். அவர் பிழை என்று வாயால் சொன்னதே இல்லை. மடித்த மூலைதான் அவருடைய ஏச்சு.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஒரு தடவை புசல்லாவைப் பக்கத்தில் மண் சரிந்து லயம் புதைந்ததை நான் துண்டில் எழுதினேன். அது நடந்து ஒன்பது வருஷமே ஆகியிருந்தது. மாஸ்டர் மூலையை மடித்துவிட்டு, அன்றைக்கு மட்டும் காரணம் சொன்னார்.

"அழுகிறதுக்கு ஆள் மிச்சமிருக்குதெண்டால் அதை இதுக்கை போடக்கூடாது. அவையள் காலமை எழும்பிக் கலண்டர் கிழிக்கிற ஆக்கள்."

ஹேவாஹெட்டயிலும் மடுல்கெல்லவிலும் புசல்லாவையிலும் தேநீர்க்கடைகளில் எங்கள் கலண்டர் தொங்கியது. வாசிக்கத் தெரிந்த ஒருவன் காலையில் அந்த வரியைச் சத்தமாக வாசிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள். ஏதும் பிழை கண்டுபிடித்தால் தபாலட்டையில் எழுதி அனுப்புவார்கள். கணக்கப்பிள்ளைமார்தான் அதிகம் எழுதுவார்கள். மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவார். எனக்குத் தபால் எழுத ஒருவரும் இல்லாததால், அந்த அட்டைகளை எல்லாம் நான்தான் முதலில் வாசிப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்துக் கலண்டரைத் தயார் செய்யும் சமயத்தில் மாஸ்டர் நெருப்புக் காய்ச்சல் கண்டு ஊருக்குப் போனார். இரண்டு மாதம் அலுமாரி என் கையில் இருந்தது. ஜனவரியை முடித்தேன். ஜனவரி முப்பதுக்கு, பள்ளிக்கூடத்துக்கென்று தமிழில் வந்த இங்கிலாந்துச் சரித்திரப் புத்தகத்திலிருந்து ஒரு வரி எடுத்தேன்: இங்கிலாந்து தேசத்து அரசன் தன் குடிகளாலேயே சிரச்சேதம் செய்யப்பட்டான், 1649. பெப்ரவரிக்கு வந்தபோது ஒன்பதாம் அறையில் எடுக்கக்கூடிய துண்டு இல்லை. இருந்த இரண்டு துண்டும் ஐந்து வருஷத்துக்குள் எடுத்தவை. ஹாஜியார் இயந்திரம் சும்மா நிற்கிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாதிரியார் பிரெஞ்சு மொழியிலிருந்து தமிழில் எழுதிவைத்த சரித்திரச் சுருக்கம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதைப் புரட்டினேன். அதில் அதே அரசன், அதே வருஷம், அதே வெட்டு. தேதி மட்டும் பெப்ரவரி ஒன்பது.

இரண்டு புத்தகத்தில் ஒன்று பிழை என்று எனக்குத் தெரிந்தது. எது பிழை என்று தெரியவில்லை. இரண்டையும் போட்டேன். வரியைக்கூட மாற்றவில்லை.

மாஸ்டர் திரும்பி வந்தபோது கலண்டர் கட்டுக் கட்டாக வெளியே போய்விட்டிருந்தது. நான் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுவதும் தபாலட்டைகளைப் பயத்தோடு பார்த்தேன். தேங்காய் எண்ணெய் விளம்பரத்தில் ஓர் எழுத்தின் கொம்பு விடுபட்டதற்கு ஐந்து பேர் எழுதினார்கள். ஓர் அரசனை இரண்டு தடவை கொன்றதை ஒருவரும் எழுதவில்லை. ஆடி மாதம் வந்தபோது பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. இந்த வரிகளை ஒருவரும் வாசிப்பதில்லை, வாசித்தாலும் மறுகணம் மறந்துவிடுகிறார்கள் என்று பட்டது. அந்த வருஷக் கடைசியில்தான் நான் இரண்டாம் தடவை ஓடிப்போனேன்.

இனி நான் சொல்வது முப்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மழையில் நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தாள். பெயர் பேச்சியம்மா. தேயிலைக் கொழுந்து பறிப்பவள். ஐம்பது வயது இருக்கும். தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் வடிந்து தரை நனைவதைப் பார்த்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கலண்டர் போடும் இடம் இதுதானா என்று கேட்டாள்.

அவள் புருஷன் தோட்டத்தில் ஏதோ சச்சரவு என்று வேலை தேடிப் போனவர். திரும்பவில்லை. முதல் இரண்டு வருஷம் அவள் கேட்டுத் திரிந்திருக்கிறாள். புசல்லாவை வீதியில் தேநீர்க்கடை வைத்திருந்த, நானா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் மனிதர் மட்டும், நெற்றியில் தழும்புள்ள, சிவப்புக் கம்பளி போர்த்திய ஒரு ஆள் கடைக்கு வந்ததைச் சொன்னார். அதற்கு அப்பால் அவரைக் கண்டவர்கள் இல்லை. தை மாதத்தோடு பன்னிரண்டு வருஷம் நிறைகிறது. காணாமற் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பார்த்திருந்துவிட்டுக் கருமாதி செய்துவிடுவது அவர்கள் வழக்கம். கடைசியாகக் கண்ணில் பட்ட நாள் எதுவோ, அந்த நாளின் திதியில் செய்ய வேண்டும் என்று கோயில் பூசாரி சொல்லியிருந்தார். கடைக்கார நானாவுக்குத் தேதி ஞாபகம் இல்லை. அந்த ஆள் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துச் சத்தமாக வாசித்த வரி மட்டும் ஞாபகம் இருந்தது. எந்த நாளுக்கு அந்த வரி போட்டார்கள் என்று அச்சடித்தவர்களிடம் கேள் என்று அவர்தான் அப்போதே சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் அந்த வரியைப் பத்து வருஷமாக வாய்க்குள் வைத்திருந்து என்னிடம் சொன்னாள்.

"வெள்ளக்கார ராசா ஒருத்தர அவரு சனங்களே தலைய வெட்டிப்புட்டாங்களாம். அதுதாங்க."

புருஷனின் பெயரை அவள் சொல்லவில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவர்களிடம் கிடையாது. நானும் கேட்கவில்லை.

அலுமாரிக்குப் போய் இரண்டு துண்டையும் எடுத்துத் திருப்பினேன். இரண்டிலும் சிவப்பு மையில் 1926. என் கையெழுத்து.

ஜனவரி முப்பது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. சொல்வதற்காகத்தான் வாசலுக்குத் திரும்பி வந்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"தப்பான நாள்ல கூப்பிட்டா வருவாருங்களா ஐயா? நாம ஒரு நாள் சோத்த வச்சுக் கூப்பிட, அவரு வேற ஒரு நாள் வந்து பாத்தா, ஒருத்தரும் இல்லாம அவரு எங்க நிப்பாரு?"

ஞாயிற்றுக்கிழமை வரும்படி சொன்னேன். கட்டுக்கலையில் ஒரு உறவுக்காரி வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் சாக்கைப் போட்டுக்கொண்டு போனாள்.

மாஸ்டருக்கு அப்போது வயதாகிவிட்டது. மத்தியானத்தில் கதிரையிலேயே சற்றுக் கண்ணயர்வார். இரண்டு துண்டையும் அவர் முன்னால் வைத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் செய்ததைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். துண்டுகளை நெடுநேரம் பார்த்தார். மூலையை மடிப்பார் என்று காத்திருந்தேன். மடிக்கவில்லை.

"ரெண்டும் சரி" என்றார்.

இங்கிலாந்துக்காரர் அந்தக் காலத்தில் பழைய கணக்குக் கலண்டரை வைத்திருந்தார்கள், பிரான்சில் புதிய கணக்கு வந்துவிட்டது, இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம், இங்கிலாந்தில் ஜனவரி முப்பது என்றால் பிரான்சில் பெப்ரவரி ஒன்பது என்று விளக்கினார். எனக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. மாஸ்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"ராசாவுக்குச் சரி. அந்த மனுசி கேட்டு வந்தது ராசாவையோ?" என்றார். "அவளின்ரை மனுசனை ரெண்டு நாளிலை போட ஏலாது. துண்டு எழுதினது நீ. நீயே போய்க் கேட்டுக்கொண்டு வா."

பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வருஷம் ஜனவரி முப்பது தேய்பிறைத் துவிதியை. பெப்ரவரி ஒன்பது தேய்பிறைத் துவாதசி. இரண்டையும் ஒரு கடதாசியில் எழுதி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் கம்பளை வழியாகப் புசல்லாவைக்குப் பஸ் ஏறினேன்.

தேநீர்க்கடை வீதியின் ஒரு வளைவில் இருந்தது. நானாவுக்கு அறுபது வயதிருக்கும். மருதாணி போட்ட தாடி. எங்கள் கலண்டர் சுவரில் தொங்கியது. நான் தேநீர் குடித்து முடிக்கும் வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும், அந்த வரியை மறக்க முடியாததற்குக் காரணம் உண்டென்றார். அந்த ஆள் அதை உரக்க வாசித்தபோது பெரிய கங்காணி ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். துரை காதுக்குப் போனால் கடையை மூட வைத்துவிடுவார்கள் என்று நானா பயந்துபோனாராம்.

எந்த நாள் என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டேன். சந்தை நாளா, மழையா, வெயிலா, கடையில் ஏதும் விசேஷமா. ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், அந்த வரி இரண்டு நாள் வந்தது, அது என் பிழை, அதுதான் இவ்வளவு கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நானா துடைத்துக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார்.

"அப்ப அந்த மனுசன் சென்னது சரிதான்."

அவர் சொன்னது இது. அந்த ஆள் முதல் நாள் வந்து வாசித்ததோடு போய்விடவில்லை. மேலே அடுத்த வளைவில் வீதிக்குக் கல் உடைக்கும் வேலை கிடைத்துப் பத்து நாளளவு நின்றார். தினமும் காலையில் கடைக்கு வந்து, கலண்டர் தாளை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். வேலை முடிந்த அன்று மூட்டையோடு வந்தார். தாளை வாசித்தார். திரும்பவும் ஒரு தடவை வாசித்தார்.

"என்னயப் பாத்துக் கேட்டாரு, நானா, பத்து நாளைக்கு முன்னாடிதானே இந்த ராசா தலைய வெட்டினாங்க, இன்னிக்கும் வெட்டுறாங்களே, ராவணன் வம்சமோன்னு. நானும் சிரிச்சேன். அண்டைக்கு மூட்டையோட மேல ஏறிப் போனவருதான். அதுக்குப் பொறகு காணல்ல."

இதை ஏன் அந்தப் பெண்ணிடம் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அழுதுட்டு நிண்ட பொம்பளையிட்ட பகிடி செல்ல ஏலுமா, மாஸ்டர்?"

நான் மாஸ்டர் இல்லை என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. தேநீருக்கு அவர் காசு வாங்கவில்லை. திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மேலே அடுத்த வளைவு வரைக்கும் நடந்தேன். வீதி ஓரத்தில் பாசி பிடித்த சல்லிக் குவியல் ஒன்று கிடந்தது. அது எந்தக் காலத்துக் குவியலோ. அங்கே நின்று பார்த்தேன். வீதி தேயிலைக்குள் வளைந்து வளைந்து மேலே போனது. அந்த வருஷம் முழுவதும் நான் ஒரு தபாலட்டைக்காகக் காத்திருந்தேன். என் பிழையை ஒருவன் கண்டுபிடித்திருந்தான். தபாலட்டை எழுத அவனுக்கு நேரம் இருக்கவில்லை.

அச்சகத்தில் ஒவ்வொரு வருஷத்துக் கலண்டரிலும் ஒரு கட்டைக் கிழிக்காமல் பரணில் கட்டித் தொங்கவிடுவோம். அதில் ஒரு தாளைக்கூட எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணி வைத்து ஏறி, இருபத்தாறாம் வருஷக் கட்டிலிருந்து பெப்ரவரி ஒன்பதாம் தாளைக் கிழித்தேன். மாஸ்டரிடம் மறுநாள் சொன்னேன். ஏணியைச் சரியாகத் திருப்பி வைத்தாயா என்று மட்டும் கேட்டார்.

பேச்சியம்மா சொன்ன நேரத்துக்கு வந்தாள். அன்று மழை இல்லை. அப்போதும் வாசற்படிக்கு மேலே வரவில்லை. நான் படியில் இறங்கி உட்கார்ந்து, நாள் பெப்ரவரி ஒன்பது, தை மாதத் தேய்பிறைத் துவாதசி என்று சொன்னேன். அவள் திதியை மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டாள். முதலில் என் பிழையைச் சொன்னேன். பிறகு நானா சொன்னதை, அந்த இராவணன் பேச்சு உட்பட, அப்படியே சொன்னேன்.



"அது அவருதாங்க" என்றாள். "அவரு அப்பிடித்தான் பேசுவாரு."

பிறகு ஒன்று சொன்னாள். தோட்டத்தில் யாரும் அவருக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பவில்லை. அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. கொழுந்துப் பெட்டியில் எழுதியிருக்கும் எழுத்தைப் பார்த்துத் தாமாகவே பழகினவர். கடையில் சாமான் சுற்றி வரும் கடதாசியை லயத்து வாசலில் உட்கார்ந்து அவர் வாசிக்கும்போது, ஆளுக்காள் கேலி செய்வார்கள்.

"சும்மா வாய அசைக்கிறாருன்னு சொல்லுவாங்க. நானும் சிரிச்சேங்க. கடுதாசியத் தலகீழாப் புடிச்சிருக்கீங்கன்னு ஒரு நாள் சொல்லிப்புட்டேன். அன்னிக்கிச் சாப்புடாமப் படுத்துட்டாரு."

அவளிடம் தாளைக் கொடுத்தேன். பெரிய எண் ஒன்பது, மேலே மாதம், அடியில் அந்த வரி. முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். எது மேல், எது கீழ் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நேராகப் பிடித்தாள். வரி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, வாசிக்கச் சொன்னாள்.

"இங்கிலாந்து தேசத்து அரசன் தன் குடிகளாலேயே சிரச்சேதம் செய்யப்பட்டான்" என்று வாசித்தேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்க வெரசாப் படிச்சுட்டீங்க ஐயா. அவரு ஒவ்வொரு எழுத்தாக் கூட்டித்தான் படிப்பாரு."

அவளுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, அந்த வரியை முதலிலிருந்து மறுபடியும் வாசித்தேன். அவளுடைய விரல் என் குரலோடு நகர்ந்தது.